பங்குனி வாரம் காரைக்குடி பக்கம்: விடிய விடிய நாடகம், கிராம சபை, கூடவே டயட். எப்படிச் சமாளிப்பது?

கொட்டகைவாசி:
மார்ச் 20 தொடங்கி ஒரு வாரம் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பெஷல் நாடகம் (கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் இசை நாடகம்) பார்க்க வேண்டும். வள்ளி திருமணம் கட்டாயம், முடிந்தால் அரிச்சந்திரா. எந்த ஊரில் என்றைக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மணிக்கே போய் உட்கார வேண்டுமா, கதை தொடங்கும்போது போனால் போதுமா?

22-ஆம் தேதி கிராம சபை. ஊர்க் கலையரங்கத்தின் தகரக் கூரை ஓட்டை. நாடகம் வைக்கிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே பந்தல் போட்டு நடத்துகிறார்கள். இதை மனுவாகக் கொடுக்கலாமா? என் வாக்கு சென்னையில்.

கடைசியாக, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.2. மாத்திரை கிடையாது, ஐந்து கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பந்தியில் ‘வேண்டாம்’ என்றால் யார் காதில் வாங்குகிறார்கள்? இதில் ராத்திரி கண் விழித்தால் பசி வேறு.

ஆர்மோனியக்கட்டை:
நாடகத்துக்கு முதலில் நாள் குறியுங்கள், மற்றதை அதைச் சுற்றி வையுங்கள். விடிய விடிய உட்கார்ந்தவருக்கு மறுநாள் பாதி போயிற்று. ஆகவே 21 ராத்திரி எவ்வளவு நல்ல நடிகர் செட் வந்தாலும் போகாதீர்கள், மறுநாள் சபையில் தூங்கி விழுவீர்கள்.

தேதி கண்டுபிடிக்க இணையம் அதிகம் உதவாது. எந்தெந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பொங்கல், பால்குடம் நடக்கும் நாளை ஒட்டித்தான் நாடகம் இருக்கும். டீக்கடைச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மேலே சாமி பெயரும் ஊரும், நடுவில் நாடகத்தின் பெயர், சுற்றிலும் வேஷத்தோடு நடிகர் படங்கள், அடியில் உபயதாரர்கள். ராஜபார்ட் (நாயகன்) யார், ஸ்திரீபார்ட் (நாயகி) யார் என்று எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் ஆர்மோனியம் யார் என்றும் பாருங்கள். ஸ்பெஷல் நாடகம் ஒரு கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுத்து அமர்த்துகிறார்கள். மதுரைக்காரர் முருகனாகவும் புதுக்கோட்டைக்காரர் வள்ளியாகவும் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திப்பது சர்வ சாதாரணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த பாடம் எல்லாருக்கும் பொது என்பதால்தான் இது நடக்கிறது. அந்தப் பாடத்தில் ஒருவர் எங்கே நிறுத்துவார், எங்கே எடுப்பார் என்று பிடித்துக் கொடுப்பது ஆர்மோனியம். அது சரியாக இருந்தால் சுமாரான ராஜபார்ட்கூடக் கரையேறிவிடுவார்.

நேரம்: நோட்டீஸில் இரவு 10 என்று போட்டிருக்கும். பொன்னாடை போர்த்தி, விழாக் கமிட்டிப் பெயர்களை வாசித்து முடிக்கப் பத்தரை, பதினொன்று ஆகும். வணக்கப் பாட்டு, பபூன் (கோமாளி) வருகை, டான்ஸ் (ஆடும் பெண்) வருகை, இருவருக்கும் வம்பும் பாட்டும். இதைத்தான் காமிக் என்பார்கள். இதெல்லாம் முடிய ஏறக்குறைய இரவு ஒரு மணி ஆகிவிடும். அப்புறம்தான் வள்ளி தினைப்புனத்துக்கு வருவாள். நாரதர் வந்து தர்க்கம். இல்லறமா துறவறமா என்று தொடங்கி எங்கே போய் முடியும் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது. அடுத்து வேடனாக முருகன், வேங்கை மரம், கிழவர், யானை, விடிகிற வேளையில் கல்யாணம்.

எங்கே கெடும் என்றால், காமிக் இரண்டு மணி வரை இழுத்து, நாரதரும் விடாக்கண்டராக இருந்துவிட்டால் கடைசிக் கட்டங்களை வெட்டுவார்கள். கிழவர் வந்தது தெரியும், யானை வந்தது தெரியாது, மாலை மாற்றிவிடுவார்கள். அதற்காகக் காமிக்கைத் தவிர்த்துவிட்டு ஒரு மணிக்குப் போகாதீர்கள். உள்ளூர் அரசியல் முழுவதும் பபூன் வாயில்தான் இருக்கிறது. தண்ணீர் வராத தெரு, நூறு நாள் வேலைப் பாக்கி என்று சாயங்காலமே விசாரித்துக்கொண்டுதான் மேடையேறுவார்கள். அரிச்சந்திரா மட்டும் விதிவிலக்கு. வீட்டில் தூங்கி எழுந்து மூன்று மணிக்குப் போனாலும் மயான காண்டம் கிடைத்துவிடும்.

பாக்ஸ் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் பாயை விரிக்காதீர்கள். மேடையிலிருந்து 30 அடி தள்ளி, ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற கோணத்தில் உட்காருங்கள். போர்வை வேண்டும், பங்குனியிலும் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும். அன்பளிப்புக் கொடுப்பதானால் பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள். நடுப்பாட்டில் நோட்டை நீட்டினால் பெயரை மைக்கில் சொல்லியாக வேண்டும், பாட்டு அங்கேயே செத்துவிடும். இதை ஊர்ப் பெரிய மனிதர்களிடம் யார் சொல்வது என்பது வேறு விஷயம்.

தீர்மான நோட்டு:
கிராம சபைக்கு வருகிறேன்.

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால், பிறகு ஆகாதவர் யாராவது ‘வெளியூர் ஆட்களை வைத்துத் தீர்மானம் போட்டார்கள்’ என்று கிளப்புவதற்கு அதுவே போதும். மனுவை நீங்கள் எழுதிக் கொடுங்கள், உங்கள் சொந்தக்காரரும் தெருக்காரர் பத்துப் பேரும் கையெழுத்திட்டு நீட்டட்டும்.

ஆண்டுக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஊருணி, குடிநீர்த் தொட்டி, குளோரின் என்று பேசித்தான் தொடங்குவார்கள். கலையரங்கம் ‘இதர பொருள்’ என்று கடைசியில் வரும், அப்போது பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். குறைவெண் வரம்பு (குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் சபை செல்லும்) இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3000 வரை 100 பேர், 3001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆகவே ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் சொல்லிக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலையில் போய்ச் சொன்னால் ‘அடுத்த சபையில் பார்ப்போம்’ என்பார்.

சிவகங்கை மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. தேர்தல் நடந்து புதுத் தலைவர் வரும்வரை தனி அலுவலர்தான் பொறுப்பு. மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) பெயருக்கு எழுதி, நகலைச் செயலருக்குக் கொடுங்கள்.

அதற்கு முன் மேடை யாருடையது என்று பாருங்கள். சுவரில் கல்வெட்டு இருக்கும்: சட்டமன்ற உறுப்பினர் நிதியா, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியா, ஊராட்சிப் பொது நிதியா, எந்த ஆண்டு, எவ்வளவு. நிலம் கோயிலுக்குச் சொந்தமாகி, கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் ஊராட்சி கை வைக்காது. சபையில் எத்தனை முறை தீர்மானம் போட்டாலும் கோப்பு நகராது.

‘கலையரங்கத்தைச் சீரமைத்துத் தர வேண்டுகிறோம்’ என்று ஒற்றை வரி எழுதினால் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பில் போட்டுவிடுவார்கள். என்னென்ன வேலை, எத்தனை அடி என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதி வாசித்த பிறகுதான் உங்கள் ஆட்கள் கையெழுத்திட வேண்டும். ‘கையெழுத்தை இப்போதே போடுங்கள், பிறகு எழுதிக்கொள்கிறோம்’ என்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம், அதற்கு மட்டும் இணங்காதீர்கள். வரவு செலவுக்குப் படிவம் 30 கேட்டு, பராமரிப்பு என்ற பெயரில் இதற்குமுன் ஏதாவது செலவு காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

படுதாக்காரர்:
மேலே உள்ளதெல்லாம் சரி. ஆனால் கூரை ஓட்டைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மேடை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? நாடகம் அம்மனுக்கு முன்னால் நடப்பது. மேடை கோயிலைப் பார்த்திருக்க வேண்டும். இடம் கிடைத்த பக்கம் கட்டி, அது கோயிலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றால், தங்கத்தில் கூரை போட்டாலும் ஊர் அதில் நாடகம் வைக்காது. அப்படி இருந்தால் மனுவை மாற்றி எழுதுங்கள்.

இன்னொன்று, கொடியேற்றிப் பேசுவதற்கென்று கட்டிய மேடைகளில் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறார்கள். நடிகர் முன்பக்கப் படியேறித்தான் உள்ளே வர வேண்டும். வேடன் மரத்துக்குப் பின்னிருந்து வருவதெங்கே? ஆழம் பத்தடி இருந்தால் காடு, தெரு, தர்பார் என்று மூன்று படுதா (காட்சித் திரை) கட்டியதுமே நாலடி போய்விடும், பக்கவாத்தியத்துக்கு இடமில்லை. மனுவில் எழுத வேண்டிய அளவு: அகலம் 24 அடி, ஆழம் 18 அடி, தரையிலிருந்து உயரம் மூன்றரை அடி (நாலரை வைத்தால் முதல் வரிசைக்குக் கழுத்து வலிக்கும்), இரு பக்கமும் வாசல், மேடை மட்டத்திலிருந்து 11 அடியில் படுதாவுக்கு முன்பின்னாக மூன்று இரும்புக் குழாய். கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒப்பனை அறை, அதை ஒட்டிக் கழிப்பறை. ராத்திரி முழுக்க வேலை செய்யும் பெண் கலைஞர்கள் இன்னும் இருட்டைத் தேடிப் போகும் ஊர்கள் இருக்கின்றன. தனி மீட்டர் கேளுங்கள். திருவிழா என்றதும் கம்பத்தில் கொக்கி போடுவது குற்றம், ஆபத்தும்கூட.

ஒலிபெருக்கி விதியைக் கமிட்டியிடம் நினைவூட்டுங்கள். 2000-ஆம் ஆண்டு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை தடை. பண்டிகைக் காலத்தில் அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து, நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் முதலில் அதைத்தான் அவிழ்க்கச் சொல்வார்கள். இந்தக் கமிட்டிகள் கடைசி நாளில் ஓடுவதால்தான் பல நாடகங்கள் பபூனோடு நின்று போகின்றன.

கோஸ்மல்லி:
சாப்பாட்டுக்கு வருவோம். உங்களுக்கு ஆபத்து பந்தியில் இல்லை, நாடகக் கொட்டகைக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் இருக்கிறது. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஏறக்குறைய 10 கிராம். விடிவதற்குள் ஐந்து டீ குடித்தால் 50 கிராம் சர்க்கரை, அதுவும் அசையாமல் உட்கார்ந்தபடி. கடைக்காரர் சர்க்கரையை முதலில் கிளாஸில் போட்டு வரிசையாக அடுக்கிவிடுவார். டீ ஆற்றும்போது ‘சர்க்கரை இல்லாம’ என்றால் பயனில்லை, கிளாஸை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். ஒரு மணிக்குப் பரோட்டாக் கல் சத்தம் கேட்கும், எழுந்து போகாதீர்கள்.

நாடக நாள் இப்படி: மாலை ஏழரைக்கு இடியாப்பம் மூன்று, கோஸ்மல்லி (கத்தரிக்காய் மசியல்) தாராளமாக, அவித்த முட்டை இரண்டு. பன்னிரண்டரைக்கு (டான்ஸ் நடக்கும்போது) கையோடு கொண்டு போன கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப், தேங்காய் இல்லாமல். மூன்று மணிக்கு மோர். காலை ஆறரைக்கு வீடு வந்ததும் இட்லி வைப்பார்கள், சாப்பிட்டுப் படுக்காதீர்கள். தூங்கி எழுந்து பதினொன்றரைக்கு ஒரே சாப்பாடு. காலைப் பலகாரம், மதியச் சோறு இரண்டையும் அடுத்தடுத்து உட்கார வைத்துப் போடுவார்கள், அங்கேதான் எடை ஏறுகிறது. (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதைப் படித்தால்: டாக்டரைக் கேட்காமல் நேரத்தை இப்படித் தள்ளாதீர்கள், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.)

‘டயட்’ என்று சொன்னால் சிரிப்பார்கள். ‘சர்க்கரை எட்டிப் பார்க்குது ஆச்சி’ என்று சொல்லுங்கள். வீட்டுக்கு இரண்டு பேருக்கு இருக்கிற விஷயம், உடனே புரிந்துகொள்வார்கள். இலையில் விழுந்ததை மிச்சம் வைத்தால்தான் மனத்தாங்கல். கரண்டி வரும்போதே கையால் மறித்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காயை இரண்டாம் முறை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள், சோறு தானாகக் குறையும்.

சமைக்கிறவர்களிடம் வெண்டைக்காய் மண்டி கேளுங்கள். நாலு பேருக்கு: அரிசி கழுவிய தண்ணீர் இரண்டு கப் (முதல் கழுவலைக் கொட்டிவிட்டு இரண்டாவது, வெள்ளையாக இருக்க வேண்டும்), அதில் சின்ன எலுமிச்சையளவு புளி கரைத்து வையுங்கள். நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன் போதும். கடுகு, உளுந்து, கால் டீஸ்பூன் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கீறிய பச்சை மிளகாய் 6, பிறகு வெண்டைக்காய் கால் கிலோ. கொழகொழப்பு அடங்கும்வரை வதக்கி, காய் முக்கால் வேக்காடு வந்த பிறகே புளிமண்டியை ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் புளி காயை வேகவிடாது. பத்து நிமிடம் கொதித்தால் தானே கெட்டிப்படும். மண்டியில் எண்ணெய் மிதந்தால் அது மண்டி இல்லை, புளிக்குழம்பு.

வெள்ளைப் பணியாரத்தை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், இரண்டோடு நிறுத்துங்கள். ஆனால் மாவு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பச்சரிசி ஒரு கப் தலைதட்டி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து, இரண்டு மணி நேர ஊறல், நைசாக ஆட்டி உடனே சுட வேண்டும். புளித்த மாவு எண்ணெய் குடிக்கும், தண்ணீர் கூடிய மாவும் குடிக்கும். காலையில் ஆட்டியதைச் சாயங்காலம் சுட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 120 கலோரி.

கொட்டகைவாசி:
மேடை கோயிலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். விஷயம் புரிகிறது. கோஸ்மல்லி அக்கா, கருப்புக் கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே, காலையில் அதையே சாப்பிடலாமா?

கோஸ்மல்லி:
தவிடு நீக்காத அரிசி என்பதால் வெள்ளை அரிசியைவிட மேல், அவ்வளவுதான். மாவுச்சத்து அதிலும் முக்கால்வாசி. விருந்தில் வைக்கும் கவுனி அரிசியில் சர்க்கரை, நெய், தேங்காய் மூன்றும் சேரும், அது இனிப்புப் பலகாரம். சாப்பிட வேண்டும் என்றால் எட்டு மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் குழைய வேக விட்டு, இனிப்பில்லாமல் அரைக் கப், மோர் ஊற்றி. ஊறாமல் வைத்தால் எத்தனை விசில் விட்டாலும் பல்லில் நறுக்கென்று நிற்கும். கும்மாயத்துக்கும் இதே பதில்தான்: உளுந்து நல்லது என்று கூடவே கருப்பட்டியையும் நெய்யையும் விழுங்காதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைக்கு அண்ணன் தம்பிதான்.

வாரக் கடைசியில் எடை பார்க்காதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்புக்குத் தண்ணீர் தங்கி ஒரு கிலோ கூட்டிக் காட்டும். ஊருக்குப் போய் நாலு நாள் கழித்துப் பாருங்கள்.

தீர்மான நோட்டு:
பக்கவாட்டில் இருந்தால் இடித்துக் கட்டத் தீர்மானம் போடாதீர்கள், மதிப்பீடு பெரிதாகி நின்றுவிடும். கோயிலைப் பார்த்த பக்கச் சுவரைத் திறந்து, அந்தப் பக்கம் மேடையை நீட்டித் தர முடியுமா என்று ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை, மறுக்கவும் காரணம் இல்லை. அளவெல்லாம் அவர் வரும்போது பேசலாம்.

ஆர்மோனியக்கட்டை:
ஒன்று விட்டுப் போயிற்று. பங்குனி உத்திரம் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்தீர்களா? மார்ச் கடைசியிலும் வரும், ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கும் தள்ளிப் போகும். உங்கள் வாரத்துக்குள் வந்தால் காரைக்குடிக் கம்பன் விழாவும் கிடைக்கும். 1939-இல் சா. கணேசன் தொடங்கியது. உத்திரத்தை ஒட்டிக் கம்பன் மணிமண்டபத்தில் நடக்கும், அத்தத்தன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். அதற்கு ஸ்பெஷல் நாடகக் கணக்கில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகாதீர்கள், சொன்ன நேரத்தில் தொடங்கிவிடுவார்கள். உத்திரத்தன்று குன்றக்குடி வழியாக மட்டும் வண்டியில் வர வேண்டாம். காவடிக் கூட்டத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளையார்பட்டி போவதானால் அதற்கு முந்தின நாளே போய்வந்துவிடுங்கள்.